நான்கு மூலைக் குன்று

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சம உயரக் கோடுகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆபீஸில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மலாய்க்காரர்களைப் போல நாமும் கொண்டூர் என்றுதான் சொல்வோம். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. கோடுகள் நெருங்கினால் சரிவு, விலகினால் சமதளம். இதற்கு மேல் தொழில்நுட்பம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் பயன்படுத்திய மென்பொருள் நான் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை மாறிவிட்டதாம். முன்பு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்த வேலையை இப்போது நீங்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறீர்களாம். சந்தோஷம். தவறான கோட்டையும் அதே வேகத்தில் போடலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் இருந்த கம்பெனி ஜொகூரில், தம்போயில், ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மலையேறுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான வரைபடச் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். முதலாளி தினேஷ். சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் தினமும் நின்று அலுத்துப்போய், இந்தப் பக்கம் வந்து சொந்தமாகத் தொடங்கியவர். என் மூத்த மகனைவிடச் சின்னவர். என்னை ரீத்தாக்கா என்பார். விருந்தினர்கள் வந்தால் நான் அவரை பாஸ் என்பேன், மற்ற நேரங்களில் தம்பி. கொண்டூர் அடுக்கு முழுக்க என் பொறுப்பு.

ஆரம்பத்தில் நாங்களும் எல்லோரையும் போல இருபது மீட்டருக்கு ஒரு கோடு போட்டோம். லேடாங் மலைக்கு அது அற்புதமாக இருந்தது. ஆனால் ஜொகூரில் லேடாங் ஒன்றுதான் இருக்கிறது, மீதி நிலமெல்லாம் சப்பாத்திக்கல். கூலாயில் நின்று செயலியைத் திறந்தால் ஒரு கோடுகூட இருக்காது. வெறும் பச்சை. வாடிக்கையாளர் ஒருவர், "மேப் இன்னும் லோடு ஆகுதா?" என்று கேட்டு எழுதினார். தினேஷுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"அக்கா, ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போடுவோம். வேற யார்கிட்டயும் இல்லாத கொண்டூர். நம்மளே செஞ்சது."

"தம்பி, நம்மகிட்ட இருக்கிற டேட்டாவுக்கு ஒரு மீட்டர் தாங்காது."

"கம்ப்யூட்டர் போடுமா, போடாதா?"

"கம்ப்யூட்டர் அரை மீட்டருக்குக்கூடப் போடும். அதுக்கு வெட்கம் கிடையாது."

இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். பத்து பாட்மிண்டன் கோர்ட் அடங்குகிற ஒரு சதுரத்துக்கு ஒரே ஓர் எண். அடுத்த சதுரத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த இடத்தில் கணினி நூல் பிடித்ததுபோல் கோடுகளை இழுக்கும். கோணலாக வந்ததை நாங்கள் வளைத்து அழகாக்கினோம், ஒவ்வோர் ஐந்தாவது கோட்டையும் தடிப்பாக்கினோம், மேட்டுக்கு இளம் பழுப்பு நிறம் பூசினோம், உச்சியில் உயரத்தைக் குட்டி எழுத்தில் போட்டோம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பயனீட்டாளர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒருவர்கூட, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கோடு மெல்லிசாக இருந்தால், போட்டவன் நேரில் போய்ப் பார்த்திருப்பான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் புகார் செடெனாக் பக்கத்திலிருந்து வந்தது. அதைப் புகார் என்றுகூடச் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து வாரக் கடைசியில் சைக்கிள் ஓட்ட வரும் ஒரு கூட்டம், எங்கள் வரைபடத்தில் ஒரு நல்ல குன்றைப் பார்த்து, அதில் ஏறி இறங்கலாம் என்று வந்திருக்கிறது. அங்கே குன்று இல்லை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள்தான், வயதானவை, வரிசை வரிசையாக நின்றிருக்கின்றன. அவர்கள் நாகரிகமானவர்கள். 'குன்றைக் காணவில்லை, ஆனால் நிழல் நன்றாக இருந்தது' என்று எழுதி நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

நான் அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். குன்றுக்கு நான்கு மூலைகள் இருந்தன. நான்கும் செங்கோணம். கர்த்தர் அப்படிக் குன்று படைப்பதில்லை. அப்படி மூலை வெட்டுவது தோட்ட நிர்வாகம்தான்.

விஷயம் இதுதான். மேலேயிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மரம் எது, மண் எது என்று தெரியாது. அதன் கண்ணில் முதலில் படுவதை உயரம் என்று எழுதிக்கொள்ளும். வயதான செம்பனை மூன்று மாடிக் கட்டட உயரம் வரும். சுற்றிலும் மறுநடவு செய்து குட்டிக் கன்றுகள் இருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் பழைய மரமாக நின்றால், அந்தத் துண்டு குன்றாகிவிடும். நாங்கள் அதற்குப் பழுப்பு வண்ணம் அடித்து, உச்சியில் எண்ணையும் போட்டுவிட்டிருந்தோம்.

தினேஷிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மரத்து உச்சியில ஏறி நின்னா அந்த உயரம்தானேக்கா? அப்ப டேட்டா தப்பு இல்ல லா."

"மரத்து உச்சியில யாரு தம்பி சைக்கிள் ஓட்டுவாங்க?"

"அவங்க நம்ம மேப்பை நம்பி அவ்ளோ தூரம் வந்திருக்காங்க பாருங்க. அதுதான் பெரிய விஷயம்."

சமாதானத்துக்காக, அமைப்புகள் பக்கத்தின் அடிமட்டத்தில், 'உயரங்கள் தோராயமானவை' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி சேர்த்தார். அதைத் தேடிப் படிக்கிற ஆளுக்கு எச்சரிக்கையே தேவைப்படாது. மரத்தைக் கழித்துவிட்டு மண்ணைக் கண்டுபிடிக்கும் வேலையை அடுத்த வருஷத் திட்டத்தில் போட்டோம். அடுத்த வருஷத் திட்டம் என்பது என்ன என்று நீங்களும் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள்.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸில் நான் கிறிஸ்மஸ் மரத்துக்கு விளக்கு மாட்டியிருந்த சமயம். ஒரு பெரிய கம்பெனி எங்கள் செயலியைத் தங்கள் கார்களில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் ஒரு மீட்டர் கொண்டூரைக் காட்டுவதற்காகத் தினேஷ் காலையிலேயே சிங்கப்பூர் போய்விட்டார். போகும்போது, "இன்னிக்கு ஒண்ணையும் தொடாதீங்கக்கா. எல்லாம் அழகா இருக்கு," என்றார்.

கொஞ்ச நேரத்தில் சிகாமட்டிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது.

அனுப்பியவர் பெயர் பாலகிருஷ்ணன். ஆற்றோரத்தில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு. குடியிருப்பாளர் சங்கத் தலைவர். லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். மேலே ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, மத்தியானத்துக்குள் தண்ணீர் வரும் என்று அறிவித்துவிட்டார்கள், ஆனால் இந்த முறை எங்களுக்குக் கவலையில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் வரைபடத்தைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்குள் ஒரு குன்றைக் கண்டுபிடித்துவிட்டாராம். அதன் உச்சியிலேயே கூரை போட்ட உரக் கொட்டகை ஒன்றும் இருக்கிறதாம். நிர்வாகத்திடம் சாவி வாங்கியாகிவிட்டது. தார்ப்பாய், அரிசி, கேஸ் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்து, தாமானில் நடக்க முடியாதவர்களை லாரியில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள். உங்கள் கம்பெனிக்குக் கோடி நன்றி, அந்தக் குன்றுக்கு வரைபடத்தில் ஒரு பெயர் வைக்க முடியுமா, எங்கள் கோயில் அம்மன் பெயரையே வைக்கலாம் என்பது சங்கத்தின் யோசனை. கூடவே திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே கைப்பேசி எண்.

படத்தைப் பெரிதாக்கினேன். நான்கு மூலைகள்.

இத்தனை வருஷ வேலையில் பாராட்டைப் படித்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

உடனே அவரை அழைத்தேன். பின்னால் லாரி எஞ்சின் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். நான் யார் என்று சொல்லி, அந்த இடம் குன்று இல்லை, மரங்களின் உயரம், அங்கே யாரையும் அனுப்பாதீர்கள் என்றேன்.

அவர் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனார். பிறகு அவர் கேட்டார், "நீங்க எந்த கம்பெனி?"

"அந்த மேப் கம்பெனிதாங்க. இப்பதானே மெசேஜ் அனுப்பினீங்க."

"மெசேஜ் அனுப்பின உடனே போன் பண்ற கம்பெனியை நான் பார்த்ததே இல்ல. இப்பல்லாம் ஸ்கேம் கால் நிறைய வருது மேடம். அடுத்து ஓடிபி கேப்பீங்க."

"ஓடிபி வேணாம் அண்ணே. அங்க போகாதீங்க, அது போதும்."

"மேப்ல தெளிவா போட்டிருக்கு. சுத்தி உள்ளதைவிடப் பன்னெண்டு மீட்டர் மேடு. கோடு கோடா இருக்கு. நான் பிரிமியம் வாங்கியிருக்கேன்."

"அந்தக் கோட்டைப் போட்டதே நான்தாங்க."

"அப்ப உங்களுக்கே தெரியணும்ல."

அவரிடம் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். போன வெள்ளத்தில் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று.

"ரோட்டுல நின்னுச்சு. உள்ளுக்கு யாரும் போய்ப் பார்க்கல. ரோடு பள்ளம் மேடம், உங்க மேப்லயே அப்படித்தான் இருக்கு." அவர் குரலில் இப்போது பொறுமை வந்திருந்தது. புரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல. "கண்ணு ஏமாத்தும். இது சேட்டலைட்."

அவர் வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. என் எண்ணை ஸ்கேம் என்று குறித்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

நான் செய்த வரைபடத்தை நம்பாதீர்கள் என்று நான் கெஞ்ச, அவர் என் வரைபடத்தை என்னிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவேண்டிய இடம். அன்று வரவில்லை. என் பேச்சை அவர் கேட்க மாட்டார், வரைபடம் சொன்னால் கேட்பார். அப்படியானால் வரைபடத்தைத்தான் பேசவைக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி நேரம் வரலாம்.

அந்த ஒரு குன்றை மட்டும் அழிப்பது எனக்குச் சுலபம். பாலகிருஷ்ணன் பார்ப்பார், மனம் மாறுவார், சிங்கப்பூரில் தினேஷின் காட்சிக்கு எந்தப் பங்கமும் வராது. கை அதற்குத்தான் போனது. ஆனால் ஜொகூர் முழுக்கச் செம்பனை. இப்படி எத்தனை நான்கு மூலைக் குன்றுகளை நாங்கள் எழுப்பி வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. பாலகிருஷ்ணன் நன்றி தெரிவிக்கும் சுபாவம் உள்ளவர் என்பதால் எனக்குச் செய்தி வந்தது. நன்றி சொல்லாமல் நேராக லாரியில் ஏறியிருப்பவர்கள் எத்தனை பேரோ. முழு அடுக்கையும் அணைத்தால், தினேஷ் வாடிக்கையாளர் முன்னால் கைப்பேசியைத் திறக்கும்போது வெறும் பச்சைதான் இருக்கும்.

தினேஷை அழைத்தேன். எடுக்கவில்லை. கூட்டத்தில் இருப்பார். இன்னொரு முறையும் அழைத்தேன். கைப்பேசியை அணைத்தே வைத்திருந்தார்.

நிர்வாகப் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு சுவிட்ச். மலைப் பகுதிகளை விட்டுவிட்டு, சமதளத்தின் ஒரு மீட்டர் கோடுகள் மொத்தத்தையும் அணைத்தேன். அழுத்துவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டேன். வேலையை இழக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை. அது ஒரு பாக்கியம்.

பிறகு டயர்க் கடைக்கு இறங்கிப் போய், கடைக்காரர் கைப்பேசியைக் கடன் வாங்கி பாலகிருஷ்ணனை அழைத்தேன். எடுத்தார்.

"அண்ணே, நான் சொல்றதை நம்ப வேணாம். ஆப்பைத் திறங்க. டவுன்லோடு பண்ணின மேப்பை ஒரு தடவை அப்டேட் பண்ணுங்க. அது மட்டும் பண்ணுங்க."

"லைன் ஸ்லோவா இருக்கு."

"நான் காத்திருக்கேன்."

காத்திருந்தேன். டயர்க் கடையில் யாரோ ஒரு சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. திடீரென்று அதுவும் நின்றது.

"அலமாக். குன்னு எங்க போச்சு?"

"அது அங்க இருந்ததே இல்லண்ணே."

"காலையில இருந்துச்சு மேடம். இப்ப கோடே இல்ல." குரல் உடைந்துவிட்டது. "என் வீட்டுக்காரி முதல் லாரியிலயே போயிட்டா."

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. போன வெள்ளத்தில் பள்ளிக்கூடத்து நிவாரண மையத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு தரையில் படுத்து, குந்தி உட்காரும் கழிவறையில் உட்கார முடியாமல், பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்தத் தடவை அவளை அங்கே படுக்கவைக்க மாட்டேன் என்றுதான் மனிதர் ராத்திரி பகலாக எங்கள் வரைபடத்தைத் தடவித் தடவிப் பார்த்து, ஒரு குன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். கொட்டகையில் அவளுக்குக் கழிவறையாக இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியில் ஓட்டை வெட்டி, லாரியில் ஏற்றியிருந்தாராம். இதையெல்லாம் அவர் அப்போது சொல்லவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்போது அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப எங்க போறது? நீங்களே சொல்லுங்க. உங்ககிட்டதானே மேப் இருக்கு."

என்னிடம் இருந்தது. நான் அணைத்தது வெளியே தெரியும் கோடுகளைத்தான், ஆபீஸ் திரையில் எல்லாம் அப்படியே இருந்தன. கீழே இறங்குமுன் அந்தப் பகுதியைப் பார்த்திருந்தேன். தாமானுக்கு வடக்கே இன்னொரு மேடு. உருண்டையாக, இயற்கையாக, ஒரு குன்று எப்படி இருக்குமோ அப்படியே. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பதறிப்போன ஒரு மனிதர் வழி கேட்கும்போது தெரியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்வதுதான் உதவி என்று நாக்கு நினைக்கிறது. ஆனால் அந்த உருண்டை மேடும் அதே தரவிலிருந்து, அதே கணினியிலிருந்து, அதே என் கையிலிருந்து வந்ததுதான்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "மேப்புக்கும் தெரியாது. போன தடவை தண்ணி வராத இடம் எது?"

"ஸ்கூல்தான்."

"அப்ப ஸ்கூலுக்கே போங்க."

அவர் போனை வைத்துவிட்டார். லாரி ஓட்டிப் போன மச்சானின் கைப்பேசிக்கு லைன் போகவில்லையாம். மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே போயிருக்கிறார்.

மத்தியானம் தினேஷ் அழைத்தார். குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் பேசினார்.

"ரீத்தாக்கா, என் மேப் வெறும் பச்சையா இருக்கு."

"ஆமா தம்பி. நான்தான் அணைச்சேன்."

சிகாமட் கதையைச் சொன்னேன். கடைசியில், "அந்த அம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டார்.

"தெரியல. போன் எடுக்க மாட்டேங்கிறார்."

"எனக்குச் சொல்லுங்க. தெரிஞ்ச உடனே சொல்லுங்க," என்றார். அந்த மனிதரைப் பற்றி நான் இதுவரை கொஞ்சம் கிண்டலாகத்தான் எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் எழுதிவைக்கிறேன்: விஷயம் தெரிந்ததும் அவர் முதலில் கேட்டது காட்சியைப் பற்றி அல்ல.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. கிறிஸ்மஸ் மரத்தின் விளக்கு மின்னி மின்னி எரிச்சலூட்டியது, எழுந்து போய் அணைத்தேன். இருட்டுகிற சமயத்தில் பாலகிருஷ்ணனிடமிருந்து செய்தி வந்தது. 'எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். வீட்டுக்காரி பக்கத்துல இருக்கா. திட்டுறா.' அவ்வளவுதான். அந்த 'திட்டுறா'வைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதி, ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில்கூட வந்ததில்லை.

லாரியைத் தோட்டத்துக்கு உள்ளேயே பிடித்திருக்கிறார். கொட்டகை வாசலில் நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். நாற்காலியை அங்கேயே விட்டு, எல்லாரையும் ஏற்றித் திருப்பி வரும்போது ரோட்டில் தண்ணீர் லாரியின் பாதிச் சக்கரம் வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் லாரியும் வந்திருக்காது.

தினேஷின் கதை இன்னும் சுவாரசியமானது. பெரிய கம்பெனிக்காரர்கள் முன்னால் கைப்பேசியைத் திறந்திருக்கிறார், வெறும் பச்சை. நெற்றியில் வேர்வை. அவர்களில் ஒருவர், "கோடுகள் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். தினேஷ் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இதுதான் எங்கள் புது அம்சம். நம்ப முடியாத தரவை நாங்கள் காட்டுவதில்லை," என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். மற்ற கம்பெனிகள் எல்லாவற்றையும் காட்டுகின்றன, காட்டாமல் இருக்கத் தெரிந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறோம் என்று குறிப்பெடுத்துக்கொண்டார்களாம்.

நான் பயந்து அணைத்த சுவிட்ச், பச்சைக்குப் பதில் வெள்ளை நிறத்தோடு, அடுத்த மாதம் ஒரு பெயரும் பெற்று விளம்பரத்தில் வந்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது. காரணமாக எழுதியிருந்தது, 'புதுமையான சிந்தனை'.

பயனீட்டாளர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். கோடுகள் போய்விட்டன, செயலி கெட்டுவிட்டது, பழைய பதிப்பே தேவலை என்று நட்சத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பாலகிருஷ்ணனும் ஐந்தை மூன்றாக்கினார். 'முன்னறிவிப்பு இல்லாமல் குன்றை எடுத்துவிட்டார்கள்' என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் கோபமில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

உண்மையான கோடுகளைப் போட எங்களுக்குப் பிறகு நெடுங்காலம் பிடித்தது. எந்தத் தோட்டத்தில் மரம், எந்த வயது, எங்கே வெட்டிவிட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து உயரத்திலிருந்து மரத்தைக் கழித்தோம். கழிக்க முடியாத இடங்களை வெள்ளையாகவே விட்டோம். ஆபீஸில் உங்களுக்குத் தரப்போகும் முதல் வேலைகளில் ஒன்று, அந்த வெள்ளை இடங்களை நிரப்புவது. நிரப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரப்புமுன் அந்த ஊரில் யாரையாவது போனில் பிடித்து, அங்கே என்ன வளர்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். உங்களை ஸ்கேம் என்று நினைப்பார்கள். இன்னொரு தடவை அழையுங்கள்.

தண்ணீர் வடிந்து சில வாரங்கள் கழித்து நான் சிகாமட் போனேன். கம்பெனி அனுப்பவில்லை, நானாகத்தான் ரயிலேறினேன். ஸ்டேஷனுக்கு பாலகிருஷ்ணனே வந்திருந்தார். குட்டையான மனிதர், எப்போதும் எதையோ தேடுகிற கண்கள். நேராக என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். செம்பனை மரங்களில் சேற்றுக் கோடு ஒன்று என் தோளுக்கு மேலே போயிற்று. எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில், பிசகாமல். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தோம். தார்ப்பாய் ஒரு தூணில் சுற்றிக் கிடந்தது. நாற்காலியைக் காணவில்லை.

அவர் தார்ப்பாயைத் தூணிலிருந்து அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு, "நான் இந்த ஊர்லயே பொறந்தவன் மேடம்," என்றார். கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டினார்.

வீட்டில் அவர் மனைவி லெட்சுமி கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். சுவரில் புதுச் சாயம் பாதிதான் அடித்திருந்தது. என்னை உட்காரச் சொல்லி, முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் மேப் போடறவங்களா?"

"ஆமாங்க."

"எங்க, நம்ம வீடு எவ்வளவு மேட்டுல இருக்குன்னு காட்டுங்க."

செயலியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். நல்ல கை அதுதான், வலது கை. விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். அவர்கள் தாமான், ஆறு, ரயில்பாதை எல்லாம் இருந்தன. கோடு இல்லை. வெள்ளை.

"ஒண்ணுமே போடலையே."

"அந்த இடம் எங்களுக்குத் தெரியாதும்மா. அதான் போடல."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய போன்?"

"அதைச் சொல்ல வைக்கத்தாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்."

லெட்சுமி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏங்க, அவங்களுக்குச் சோறு போடுங்க. நான் ஸ்கூல்ல பட்ட பாட்டைச் சாப்பிட்ட பிறகு சொல்றேன்."

சொன்னார். ரயிலுக்கு நேரமாகும் வரைக்கும் சொன்னார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.